இரண்டு கை உப்பு

சாமு, போனைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி. ஒரு கண் இதிலும் ஒரு கண் போனிலும் இருந்தால் எனக்கு இங்கிருந்தே தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருக்கும், நீயே திருத்திப் படித்துக்கொள். நாலு நாளாக, மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு, உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதுவும் இல்லாமல், இந்த விஷயத்தைச் சொல்லும்போது உன் குரல் காதில் விழுந்தால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு வருஷமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "இந்த வருசம் சமைக்கிற பேஜாரே வேணாம்மா. இங்க மணவாள நகர்லயே கடையில பிரியாணி சொல்லிட்டேன். அப்டியே எடுத்துக்கினு வந்துர்றேன். நீ சும்மா குந்திக்கினு இரு" என்றாய். "எஸ்தர் இன்னாடா சொல்றா?" என்று கேட்டேன். நீ மறுபடியும் பிரியாணிக் கணக்கைச் சொன்னாய். பிறகு, "அவ வரலம்மா. கிறிஸ்மஸ் அன்னிக்கு கம்பெனில டியூட்டி கேட்டு வாங்கிக்கினா" என்றாய். டியூட்டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் நான் நம்பிக்கொண்டு இருந்திருப்பேன். கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சொன்னாய்.

கிறிஸ்மஸ் அன்று டியூட்டி என்றால் இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்க நைனா இரும்பு உருக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நின்றார். உலையை அணைத்து அணைத்து மூட்ட முடியாது, அதனால் அவருக்குப் பொங்கலும் கிடையாது, கிறிஸ்மஸும் கிடையாது. காலை ஷிப்ட் விழுந்த வருஷங்களில் ரெண்டரை மணிக்குத்தான் சைக்கிள் சத்தம் கேட்கும். அதுவரை தம் போட்ட அண்டாவின் மூடியை யாரும் தொடக் கூடாது. வந்த விருந்தாளி பெரிய மனிதராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். மூடியைச் சுற்றி ஒட்டிய மாவில் எங்கேயாவது ஒரு விரிசல் விட்டு ஆவி வரும். நீ அங்கே போய் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பாய். "சூடு பட்டுக்கப் போறடா" என்று கத்துவேன், நகரவே மாட்டாய். நைனா வந்து கை கால் கழுவி, காது மடலில் கரி அப்படியே இருக்க, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "ஆண்டவரே, எரிஞ்ச அடுப்புக்கும் வெந்த சோத்துக்கும் ஸ்தோத்திரம். பசங்க பசியா கீதுங்க. ஆமென்." அவ்வளவுதான் ஜெபம். பிறகு கரண்டிக் காம்பால் மாவைத் தட்டி மூடியைத் தூக்குவார். முதல் ஆவி அவர் முகத்தில் அடிக்கும். நாள் முழுக்க உலைச் சூட்டில் நின்ற மனிதன் அந்தச் சூட்டுக்கு மட்டும் சிரிப்பார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று போன டியூட்டியை, என் மருமகள் கேட்டு வாங்கியிருக்கிறாள். என் அடுப்பங்கரைக்கு வருவதைவிட கம்பெனி மெஷின் முன்னால் நிற்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குக் காரணம் யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் என் முதல் கிறிஸ்மஸைச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி மூன்று மாதம். அதுவரை நான் நாற்று நட்டவள், கதிர் அறுத்தவள். கூழும் களியும் கிண்டத் தெரியும், இருபது பேருக்குப் பிரியாணி எங்கே தெரியும்? உன் மேரி அத்தை, நைனாவுக்கு மூத்தவள், அடுப்புப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். நான் கறியில் உப்புப் போடக் கை நீட்டினபோது, "வேணாம், உப்பு நான் போட்டுட்டேன், நீ போடாத" என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும், திருவிருந்து எடுக்கிறவர்கள் அது முடிகிறவரை தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டோம். அப்பமும் திராட்சை ரசமும்தான் அன்றைக்கு முதலில் நாவில் பட வேண்டும். ஒன்பது மணி ஆராதனைக்குப் போவதற்கு முன்பே கறியை மசாலாவில் வேகவைத்து வைத்துவிடுவோம், வந்த அவசரத்தில் அரிசியைப் போட்டுத் தம் கட்டுவோம். அதனால் கிறிஸ்மஸ் பிரியாணிக்கு மட்டும் ருசி பார்க்க ஆள் கிடையாது. கண்ணாலும் மூக்காலும்தான் சமைக்க வேண்டும். வந்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து, எல்லோர் தட்டிலும் போட்டாயிற்று. துளி உப்பு இல்லை. மேரி அத்தை முதல் வாயை மென்றுகொண்டே, "நாத்து நட்ட கை. சேறு தெரியும், சோறு எங்க தெரியும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உங்க நைனா மட்டும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ரெண்டு தட்டு சாப்பிட்டார். "நல்லாத்தான் கீது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் அவரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

அன்றிலிருந்து கிறிஸ்மஸ் என்றாலே எனக்குப் பயம். நீங்களெல்லாம் ஸ்டார் கட்டுவீர்கள், அதிரச மாவை எடுத்துத் தின்பீர்கள், எனக்கு ஒரு வாரம் முன்பே தூக்கத்தில் உப்புச் சட்டி காலியாக வரும். அண்டாவில் அரிசி குழையும், கறி அடிப்பிடிக்கும், வந்தவர்கள் எழுந்து போவார்கள், எல்லாம் கனவில். விடிந்தால் யார் மேலாவது எரிந்து விழுவேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தயிர்ச் சட்டியைத் தட்டிவிட்டாய் என்று புதுச்சட்டை போட்ட முதுகில் கரண்டியால் அடித்தேன், மசாலா கறை சட்டையில் அப்படியே பதிந்தது. அந்தச் சட்டையோடு நீ சர்ச்சில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாய். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பயத்தில் அடித்தேன் சாமு. தயிருக்காக அடிக்கவில்லை. இதை முப்பது வருஷம் கழித்துத்தான் எழுத வருகிறது.

இனி போன வருஷம். எஸ்தர் தானாக வந்து கேட்டாள். "அத்தை, இந்த வருசம் நான் செய்யட்டுமா? உங்களுக்கு முட்டி வலிக்குது, நீங்க குந்திக்கினு சொல்லுங்க, நான் செய்றேன்." நான் சரி என்றேன், வாயால்தான். அவள் உன்னை மாதிரி இல்லை, எதையும் எழுதி வைத்துச் செய்கிற பெண். கம்பெனியில் சாமானை அளந்து பார்த்துச் சரியில்லாததைத் தள்ளுகிற வேலை பார்க்கிறாள் அல்லவா, கறி எத்தனை கிலோ, அரிசி எத்தனை படி, மிளகாய்த்தூள் எத்தனை கரண்டி என்று ஒரு சீட்டு வைத்திருந்தாள். விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, கறியை வதக்கி, எல்லாம் போட்டு மூடிவிட்டு, குளிக்கப் போனாள். அப்போது நான் மெதுவாக எழுந்து போய்ப் பார்த்தேன். கல்லுப்பு ஜாடியைத் திறந்தேன். முந்தின நாள் நான் தட்டி வைத்த மட்டத்திலேயே இருந்தது உப்பு. ஒரு கல்கூட எடுக்கவில்லை. பார்த்தாயா, சீட்டில் எல்லாம் எழுதினாள், உப்பை எழுத மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. மேரி அத்தையின் சிரிப்புதான் காதில் கேட்டது. என் வீட்டில் இன்னொரு முறை உப்பில்லாத சோறு வரக் கூடாது. குளியலறைக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு பெரிய கை நிறைய அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆராதனை இழுத்துக்கொண்டே போனது. வந்ததும் வராததுமாக எல்லோரும் பசி பசி என்று நிற்க, அவள் அவசர அவசரமாக அரிசியைப் போட்டுத் தம் கட்டினாள். காலையில் அளந்து போட்டதுதானே என்ற தைரியம். ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்க்கவும் நேரமில்லை. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நாவில் வைக்க முடியவில்லை, கடல் தண்ணீர். மேரி அத்தை தட்டைத் தள்ளி வைத்து, "இன்னாம்மா எஸ்தரு, பழவேற்காட்டு ஏரிய அப்டியே தூக்கி ஊத்திட்டியா?" என்றாள். ஆரணியிலிருந்து மகள் வீட்டுக் கிறிஸ்மஸ் என்று ஆசையாக வந்த சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். நீ என்ன சொன்னாய்? "அதுக்குத்தான் கடையில வாங்கிக்கலாம்னு சொன்னேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம், வேலைக்குப் போற பொண்ணு. அடுப்புப் பழக்கம் இல்ல. உடுங்க" என்றேன். எல்லோரும் என்னை நல்ல மாமியார் என்று நினைத்தார்கள்.

அவள் தயிரைப் பிசைந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒவ்வொரு தட்டாகப் போய்ச் சரிபண்ணப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் வந்து என்னிடம் மட்டும் சொன்னாள். "அத்தை, ஊட்லருந்து தூள் உப்பு பாக்கெட் எடுத்துக்கினு வந்தேன். அளந்து போட சுலபமா இருக்குமேன்னு. கல்லுப்பு அளவுக்குத் தூள் உப்பப் போட்டுட்டேன் போலருக்கு. அதான் கரிக்குது." எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. ஜாடி ஏன் மட்டம் குறையவில்லை என்று. அவள் மறக்கவில்லை. சரியாகத்தான் போட்டிருக்கிறாள். மேலே என் கைதான் விழுந்திருக்கிறது. அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும் சாமு. அவள் கண் கலங்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான், "ஆமாம்மா, அதான் இருக்கும்" என்றேன்.

அந்தப் பாக்கெட் அடுப்புக்குப் பின்னால் இருந்தது. எஸ்தர் உள்ளே போனதும் எடுத்துப் பார்த்தேன், பெரிய பாக்கெட், கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அது பேசிவிடும் என்று பயந்தேன்போல.

பாக்கெட் பேசவில்லை, நம் தெரு நூர்ஜகான் பேசிவிட்டாள். நாம் கறி எடுப்பது எப்போதும் அவள் வீட்டுக்காரர் கடையில்தான், அவர்களும் சாப்பிட ஹலால் கறியாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பழக்கம், முதல் தட்டும் அவள் வீட்டுக்குத்தான் போகும். நான்தான் ருசி தெரிவதற்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தேன். சாயங்காலம் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள், வழக்கம்போல ஒரு பிடி சர்க்கரை போட்டு. வாசலிலேயே நின்று, "யக்கா, கோச்சிக்காத. எஸ்தரு கறி வாங்க வந்தப்பவே அவ சீட்டப் பாத்தேன். அளந்து போடற பொண்ணு தப்பு இல்ல இது. மேல இன்னொரு கை உளுந்திருக்குது. ரெண்டு கை உப்பு" என்றாள். "உன் வேலையப் பாத்துக்கினு போ" என்றேன். அன்றிலிருந்து அவளோடும் சரியாகப் பேசுவதில்லை. ரம்ஜானுக்கு அவள் அனுப்பிய தட்டை வாங்கி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொய் சொன்னது நான், கோபம் உண்மை சொன்னவள் மேல்.

ஈஸ்டருக்கு நான் ஏன் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை என்று நீ கேட்டாய். முட்டி வலி என்றேன். முட்டி வலி இருக்கிறதுதான். ஆனால் மனதில் ஒன்றை மறைத்துக்கொண்டு அங்கே முழங்கால் போடாதே என்று போதகர் சொல்லும்போதெல்லாம், இத்தனை வருஷம் மேரி அத்தை மேல் கோபத்தோடு தைரியமாகப் போனவள்தான் நான், அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. அது எனக்கு ஒருத்தி செய்தது. இது நான் ஒருத்திக்குச் செய்தது. காலே எழவில்லை. ஒரு வருஷமாக எழவில்லை.

மேரி அத்தை என் முதல் கிறிஸ்மஸில் வேண்டுமென்றே பொய் சொன்னாளா, நிஜமாகவே போட்டதாக நினைத்தாளா என்று இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. அவசரத்தில் அடுப்பின் முன்னால் நிற்கிறவளுக்கு எது போட்டோம், எது போடவில்லை என்று தெரியாது. அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. "சேறு தெரியும், சோறு எங்க தெரியும்" என்றாளே, அதற்கு என்ன சமாதானம்? அந்தக் கோபம் இருந்தால்தான் எனக்குக் கை கால் ஓடுகிறது. அது என்னோடு வரட்டும். எஸ்தருக்கு என் மேல் அப்படி ஒன்று நாற்பது வருஷம் இருக்கக் கூடாது. அதுகூட இல்லை, அவளுக்கு என் மேல் கோபமே இல்லை, தன் மேல்தான் கோபம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதை முதலில் எஸ்தரிடம் கொடு. அவள் படித்து முடிக்கிறவரை பக்கத்தில் நின்று எதுவும் பேசாதே. பிறகு, அவள் சரி என்று சொன்னால், கிறிஸ்மஸ் முந்தின நாள் எல்லோரும் இங்கே வந்த பிறகு, சம்பந்தியம்மா முன்னாலும் மேரி அத்தை முன்னாலும் சத்தமாகப் படி. யார் முன்னால் அவள் தலைகுனிந்தாளோ அவர்கள் எல்லோரும் கேட்க வேண்டும். என்னைப் பற்றி எழுதியதை விட்டுவிட்டுப் படிக்காதே. மேரி அத்தை சிரிப்பாள். சிரிக்கட்டும்.

கடையில் சொன்னதை வேண்டாம் என்று சொல்லிவிடு. டியூட்டியை மாற்ற முடியுமா என்று அவளைக் கேட்கச் சொல். முடியாது என்றால் அவள் ஷிப்ட் முடிந்து வருகிறவரை அடுப்பு மூட்டாமல் இருப்போம். சாயங்காலம் ஆனால் ஆகட்டும். நைனாவுக்காகக் காத்திருந்த வீடுதானே இது. ஒரு நாள் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். அவளும் வந்ததும் ஓடக் கூடாது. எனக்கு அடுப்படியில் மூச்சு முட்டும்போது நான் பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்துவிட்டு நிற்பேன். குடம் நிறைகிற நேரம் யாரோடும் பேச மாட்டேன். தண்ணீர் தேவை இருக்காது, அந்த நேரம்தான் தேவை. எஸ்தர் அப்படிப் போய் நின்றால் பின்னாலேயே போய் "இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி" என்று கேட்காதே. குடம் நிறையட்டும். முந்தின நாளே வெங்காயமும் பூண்டும் நீ உரித்து வை. உன்னை நான் ஒரு நாளும் அடுப்படிக்குள் விடவில்லை, அதுவும் என் தப்பு, இப்போது கற்றுக்கொள். பிரியாணி, கத்திரிக்காய், தயிர் வெங்காயம், அவ்வளவு போதும். வறுவல் எங்கே, பாயசம் எங்கே என்று கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பு. மேரி அத்தையை முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து அவள் பேரன்களின் கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடு, எழுந்து வர மாட்டாள்.

டியூட்டி மாறி, எப்போதும்போல ஆராதனைக்கு முன்பே கறி வைக்கிறதாக இருந்தால், இன்னொன்று இருக்கிறது. இதை நான் நாலு நாளாக யோசித்து வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் திருவிருந்து எடுக்கிறவர்கள், உங்கள் வாயில் எதுவும் படக் கூடாது. ருசி பார்க்க இந்த வீட்டில் ஒரு வாய் வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நானும் போய் முழங்கால் போடலாம், தடையில்லை, ஒரு வருஷமாக அதற்குத்தான் ஏங்குகிறேன். ஆனாலும் இந்தக் கிறிஸ்மஸுக்கு நான் போகவில்லை. புதுவருஷ ஆராதனைக்கு எல்லோரும் சேர்ந்து போவோம். ஒரு வருஷமாகப் பயந்து போகாமல் இருந்தேன், இந்த ஒரு நாள் அவளுக்காகப் போகாமல் இருக்கிறேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். அவள் அளந்து போடட்டும். நான் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு கரண்டி மசாலாவை என் உள்ளங்கையில் விட்டு, "அத்தை, சரியா கீதா?" என்று கேட்க வேண்டும். உப்பு கூடியிருந்தால் கூடி இருக்கிறது என்பேன், குறைந்திருந்தால் குறைந்திருக்கிறது என்பேன். மற்றபடி என் ரெண்டு கையும் மடியிலேயே இருக்கும்.

நூர்ஜகான் வீட்டுத் தட்டை மட்டும் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். முட்டி வலித்தாலும் நானே போகிறேன்.

உன் அம்மா